பார்க்கின்சன் நோயாளருக்குப் பேச்சு மொழிச் சிகிச்சை: வன்னியிலிருந்து செல்வோருக்கான வழிகாட்டி

பார்க்கின்சன் என்றதும் கை நடுக்கமும் நடைத் தளர்ச்சியுமே எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கிளினிக்கிலும் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். குரல் தணிந்து போவதையும் சொல் வாய்க்கு வராமல் நிற்பதையும் நோயின் பகுதியாகக் கருதி வைத்தியரிடம் சொல்பவர்கள் குறைவு. என் மாமனார் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நெடுங்காலம் வயல் செய்தவர். அவருக்குப் பேச்சு மொழிச் சிகிச்சை பெற்றுக்கொடுக்க எங்கே போவது, எதைக் கொண்டு போவது, யாரிடம் என்ன கேட்பது என்பதையெல்லாம் அலைந்துதான் அறிந்துகொண்டோம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா மாவட்டங்களின் உட்கிராமங்களில் இருப்பவர்களுக்குச் சிகிச்சையாளரோடு கிடைக்கப்போகும் மணித்தியாலங்கள் மிகச் சில என்பதால், அவற்றுக்கு முன்னும் பின்னும் வீட்டில் செய்ய வேண்டியதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. குறைந்திருப்பது குரலா, மொழியா என்று பிரித்துப் பாருங்கள்

இரண்டும் வேறு; இரண்டுக்கும் செய்யும் சிகிச்சையும் வேறு. குரல் தணிவது, ஏற்ற இறக்கமின்றி ஒரே தொனியில் வருவது, கரகரப்பது, சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வேகமாக ஓடுவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது ஆகியவை தசை அசைவு சுருங்குவதால் வருபவை. மூளையில் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் குறையும்போது கையெழுத்து எப்படிச் சிறுத்துப் போகிறதோ, அப்படியே பேச்சசைவும் சிறுத்துப் போகிறது.

மொழிக் குறைபாடு இதைவிட மறைவாக வரும். தெரிந்த சொல்லைத் தேடி நிற்பார். பொருட்பெயரைவிட வினைச்சொல்லைத் தேடுவதில் கூடுதலாகத் தடுமாறுவார். "நேற்றுக் கடைக்கு வந்த தம்பி கொண்டுவந்து தந்த பையை எடுத்து உள்ளே வையுங்கோ" என்பதுபோல ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய வாக்கியத்தைச் சொன்னால் பாதியில் பிடி நழுவிவிடும். தானாகக் கதையைத் தொடங்க மாட்டார். பலர் கூடிக் கதைக்கும்போது தன் முறை வருவதற்குள் பேச்சு வேறிடத்துக்குப் போய்விடும். பகிடியும் குத்தல் பேச்சும் பிடிபடத் தாமதமாகும். இவற்றைப் பார்த்து "வயது போனால் அப்படித்தான்" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவது நாம் விழும் முதற்பொறி.

இன்னொரு பொறியும் உண்டு. நோயாளருக்குத் தன் குரல் தணிந்தது தெரிவதில்லை. தான் வழமைபோலவே கதைப்பதாகவும், கேட்பவர்களுக்குத்தான் காது மந்தம் என்றும் உறுதியாகச் சொல்வார். அது வீம்பு அன்று. தன் குரலின் அளவைத் தானே உணரும் திறன் நோயால் பிசகிவிடுகிறது. அதே நேரம், ஷெல் சத்தத்தில் காது பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை என்பதால், அவரோடு அதிகம் கதைக்கும் துணைவரின் செவித்திறனையும் சோதிப்பது நல்லது. இருவர் பக்கமும் குறை இருக்கலாம்.

பேச்சு திடீரென்று நின்றுபோனாலோ, வாய் ஒருபக்கம் இழுத்தாலோ, ஒரு கை விழுந்தாலோ அது பார்க்கின்சனின் மெல்லிய மாற்றம் அல்ல. பக்கவாதமாக இருக்கலாம், உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை.

2. போவதற்கு முன் வீட்டில் பதிவு செய்யுங்கள்

வைத்தியர் முன்னால் இருத்தியதும் நோயாளரின் குரல் எழும்பிவிடும். யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வே அதற்குப் போதும். வீட்டில் ஒரு சொல்லும் விளங்காத மனிதர் கிளினிக்கில் பெயர், ஊர், வயது எல்லாம் தெளிவாகச் சொல்ல, "நல்லாத்தானே கதைக்கிறார்" என்று திருப்பி அனுப்பப்படுவது பலருக்கும் நேர்வது. இதற்கு மருந்து தொலைபேசிப் பதிவுதான். காலையில் மாத்திரைக்கு முன் ஒன்று, மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் ஒன்று, இரவுச் சாப்பாட்டில் எல்லோரும் இருக்கும்போது ஒன்று என்று சில நிமிடங்கள் பிடித்து வையுங்கள். பத்திரிகையில் ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லியும் பிடியுங்கள். வாசிப்பு தெளிவாகவும் உரையாடல் குழறலாகவும் இருந்தால் அந்த வித்தியாசமே சிகிச்சையாளருக்குப் பெரிய தகவல்.

கூடவே ஒரு கொப்பி வையுங்கள். எந்தச் சொல் வரவில்லை, எந்த நேரத்தில், யாரோடு கதைக்கும்போது, தொலைபேசியிலா நேரிலா என்று ஒரு கிழமைக்கு எழுதினால் போதும். "கதை குறைந்திட்டுது" என்று சொல்வதைவிட, "பம்மை நிற்பாட்டு என்று சொல்ல வெளிக்கிட்டு, பம்... பம்... என்று நின்றார்" என்ற ஒரு வரி பயன் கூடியது.

3. சிபாரிசுக் கடிதம் பெறுதல்

பார்க்கின்சனுக்கு ஏற்கெனவே கிளினிக் போகிறவராயின், அந்த வைத்தியரிடமே பேச்சு மொழிச் சிகிச்சையாளருக்குக் கடிதம் கேளுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் பெரும்பாலும் அது கிடைக்காது. கடிதத்தில் "குரல் தணிவு" என்று மட்டும் எழுதாமல், சொல் தேடுதல், விளங்கிக்கொள்ளும் தாமதம், விழுங்கும்போது இருமல் ஆகியவை இருந்தால் அவற்றையும் குறிப்பிடும்படி பணிவாகச் சொல்லுங்கள். கிளினிக்கே இன்னும் தொடங்காதவர்கள் கிட்டிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, மாவட்டப் பொது வைத்தியசாலையின் மருத்துவ கிளினிக்குக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்கோ கடிதம் பெறலாம்.

எங்கே போவது என்று முடிவெடுக்கும்போது தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் மாவட்ட வைத்தியசாலையில் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் தற்போது கடமையில் இருக்கிறாரா, எந்தெந்த நாட்களில் பெரியவர்களைப் பார்க்கிறார் என்று தொலைபேசியில் கேட்டபின்பே புறப்படுங்கள். இடமாற்றத்தால் இடம் வெற்றாக இருப்பதும், இருப்பவர் சிறுவர்களைப் பார்ப்பதிலேயே நாள் முழுக்கப் போவதும் நடக்கக்கூடியவை.

தமிழில் சிகிச்சை தரக்கூடியவரா என்றும் கேளுங்கள். நாட்டில் தமிழ் பேசும் சிகிச்சையாளர்கள் குறைவு. குரலை உயர்த்தும் பயிற்சியை மொழி தெரியாதவரிடமும் ஓரளவு கற்கலாம். சொல், வாக்கியச் சோதனைகளை அப்படிச் செய்ய இயலாது. மொழிபெயர்ப்புக்குப் பிள்ளையையோ பேரனையோ கூட்டிப் போனால் அவருக்கு ஒன்றைத் திட்டமாகச் சொல்லி வையுங்கள்: நோயாளர் அரைகுறையாகச் சொன்னதை அரைகுறையாகவே சொல்ல வேண்டும். அன்பினால் வாக்கியத்தைத் திருத்தி முடித்துக் கொடுத்தால், சிகிச்சையாளர் காண வேண்டிய குறையே மறைந்துவிடும்.

4. பையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, சிபாரிசுக் கடிதம், முன்பு வாட்டில் இருந்திருந்தால் அந்த டயக்னோசிஸ் கார்ட், ஸ்கான் படங்கள். எல்லாவற்றுக்கும் போட்டோக் கொப்பி ஒன்று. மூக்குக் கண்ணாடி, கட்டுப்பல், காதுக் கருவி ஆகியவற்றையும் மறக்க வேண்டாம். கட்டுப்பல் இல்லாமல் உச்சரிப்பைச் சோதிப்பதில் பொருள் இல்லை.

மருந்துகளின் பெயர், அளவு, குடிக்கும் நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். வேறு நோய்களுக்கான மாத்திரைகளும் நித்திரை மாத்திரையும் அதில் இருக்க வேண்டும். நடுக்கத்துக்குக் கொடுக்கப்படும் பென்செக்சோல் போன்ற மருந்துகள் முதியவர்களில் மறதியையும் குழப்பத்தையும் வாய் உலர்வையும் உண்டாக்கலாம். சொல் தடுமாற்றத்தில் அதற்கும் பங்கு உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே வேண்டாம். பார்க்கின்சன் மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இடப்பெயர்வில் பழைய மருத்துவப் பதிவுகளைத் தொலைத்தவர்கள் எங்களில் ஏராளம். அதற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். நடுக்கம் எந்த ஆண்டளவில், எந்தக் கையில் தொடங்கியது, முதலில் எங்கே காட்டியது, தலையில் அடிபட்டதுண்டா, பேச்சு மாற்றத்தை முதலில் கவனித்தது எப்போது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதப்பட்டால், உள்ளே இருக்கும் உலோகம் காந்தத்தால் நகரவோ சூடேறவோ கூடும். முன்கூட்டியே சொன்னால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவு செய்வார்கள். நோயாளர் தாமாகச் சொல்வார் என்று இருக்காதீர்கள். கேட்ட கேள்வியை விளங்கிப் பதில் சொல்வதில்தானே அவருக்குச் சிக்கல்.

5. மாத்திரை நேரமும் பஸ் நேரமும்

பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபா மாத்திரை வேலை செய்யும் நேரம், அது இறங்கிய நேரம் என்று நோயாளருக்கு நாளில் இரண்டு முகம். சிகிச்சைக்கும் சோதனைக்கும் உகந்தது மாத்திரை வேலை செய்யும் நேரம். முல்லைத்தீவிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ விடிய முன் பஸ் ஏறுபவர், வழியில் சலம் போகவேண்டி வரும் என்று தண்ணீரையும் மாத்திரையையும் தள்ளிப்போடுவார். இலக்கம் கூப்பிடும்போது கை விறைத்து, வாய் திறக்க முடியாமல் இருப்பார். மாத்திரையை அதன் நேரத்துக்கே கொடுங்கள். சாப்பாட்டுக்குக் குறைந்தது அரை மணித்தியாலம் முன்பாகக் கொடுப்பது வழமை. இறைச்சி, மீன், பருப்பு போன்ற புரதம் கூடிய சாப்பாட்டோடு சேர்ந்தால் சிலருக்கு மருந்து உறிஞ்சப்படுவது குறையும். பயணத்துக்குப் பார்சலில் இடியப்பமும் சொதியும் போதும்.

இலக்கம் எடுக்கும்போதே தாதியிடம் மாத்திரை நேரத்தைச் சொல்லுங்கள். நரம்பியல் கிளினிக் நாளிலேயே பேச்சுச் சிகிச்சைக்கும் நேரம் கேட்டால் ஒரு பயணம் மிச்சமாகும். பயண நாளில் களைத்தவரைச் சோதித்து வந்த முடிவைக் கடைசி முடிவாகவும் எடுக்க வேண்டாம்.

6. செலவு

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கை கடிப்பவை பயணச் செலவு, உடன் போகிறவரின் ஒருநாள் கூலி, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதும் மருந்துகள் ஆகியவையே. பஸ்ஸில் ஏற முடியாதவருக்கு வான் பிடிக்க வேண்டிவந்தால் அதுவே பெரிய தொகை. ஒரே கிளினிக் நாளுக்குப் போகும் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து பிடிக்கலாம். தனியாரில் காட்ட நினைத்தால், ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதோடு எத்தனை தடவை தேவைப்படும் என்றும் முதலிலேயே கேளுங்கள். இந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதல்ல. இரண்டு நாளுக்குக் காசு கட்டி மூன்றாம் நாள் கைவிடுவதைவிட, அரச வைத்தியசாலையில் காத்திருப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

7. முதல் நாள் என்ன நடக்கும்

ஒரே மூச்சில் "ஆ" என்று எவ்வளவு நேரம் இழுக்கிறார், ஒரு பந்தியை எப்படி வாசிக்கிறார், ஒரு படத்தைப் பார்த்து என்ன சொல்கிறார், ஒரு நிமிடத்தில் எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்கிறார், படத்தில் நடக்கும் செயலுக்கு வினைச்சொல் தருகிறாரா, இரண்டு மூன்று படியுள்ள கட்டளையைச் செய்கிறாரா என்றெல்லாம் பார்ப்பார்கள். முகபாவம், நாக்கு, உதடு, விழுங்குதல் ஆகியவையும் சோதிக்கப்படும். அருகில் இருக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. மௌனம் நீண்டால் பதிலை எடுத்துக் கொடுக்கக் கை துடிக்கும். அந்த மௌனத்தின் நீளத்தைத்தான் அவர்கள் அளக்கிறார்கள்.

முடிவில் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தப் பகுதியில் குறை, வீட்டில் நாளாந்தம் என்ன பயிற்சி, அடுத்த தடவை எப்போது வர வேண்டும். பயிற்சியைச் சிகிச்சையாளர் செய்து காட்டும்போது, அவருடைய அனுமதியோடு காணொளி எடுத்துக்கொண்டால் வீட்டில் தகராறு வராது.

8. குரலுக்கான பயிற்சி

பார்க்கின்சனுக்கென்றே அமைந்த எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற முறை கிழமைக்கு 4 நாள், 4 கிழமை, ஒவ்வொரு தடவையும் 1 மணித்தியாலம் என்று மொத்தம் 16 தடவைகள் கொண்டது. "உரக்க" என்ற ஒரே குறியை மட்டும் மனதில் வைத்துப் பேசப் பழக்குவது அதன் அடிப்படை. பிரித்தானியாவில் 388 நோயாளரை வைத்துச் செய்து 2024இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், குரல் பிரச்சினை அன்றாட வாழ்வைப் பாதிப்பதைக் குறைப்பதில் இந்த முறை அங்குள்ள வழமையான பேச்சுச் சிகிச்சையைவிடவும், சிகிச்சையே செய்யாமல் இருப்பதைவிடவும் பயன் தந்தது. சிலருக்குப் பயிற்சியால் குரல் கரகரத்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. தொண்டை நோகும்படி கத்துவது பயிற்சி ஆகாது. கரகரப்பு நீடித்தால் நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

கிழமைக்கு நான்கு நாள் ஏ9 வீதியில் போய்வருவது யாருக்கும் இயலாது. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடு இருந்தால் ஒரு மாதம் அங்கே தங்குவது ஒரு வழி. முதல் சில தடவை நேரிலும் மிகுதியைக் காணொளி அழைப்பிலும் செய்யலாமா என்று கேட்பது இன்னொரு வழி. இந்த முறைக்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்களே அதைச் செய்ய வேண்டும் என்பதால், சிகிச்சையாளர் அந்தப் பயிற்சி பெற்றவரா என்றும் கேளுங்கள். அது கிடைக்காத இடத்தில் அவர் தரும் வீட்டுப் பயிற்சியை நாள் தவறாமல் செய்வதே எஞ்சியிருப்பது.

வீட்டுப் பயிற்சியில் பொதுவாக நீண்ட "ஆ", கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் குரலை ஏற்றி இறக்குதல், நாளாந்தம் சொல்லும் பத்து வாக்கியங்கள், வாசிப்பு, பின் உரையாடல் என்ற வரிசை இருக்கும். அந்தப் பத்து வாக்கியங்களைத் தெரிவதில் கவனம் வையுங்கள். அச்சடித்துத் தரும் "காலை வணக்கம், நலமா" போன்றவற்றை எங்கள் மாமனார் வாழ்நாளில் சொன்னதில்லை. "பிள்ளை, தேத்தண்ணி கொண்டா", "வாய்க்காலில தண்ணி வருதோ?", "மாட்டை அவிட்டுக் கட்டு", "ஆர் அது படலையில?" என்று அவர் வாயில் உண்மையாக வரும் வாக்கியங்களை எழுதிச் சுவரில் ஒட்டியபின்தான் பயிற்சி நடந்தது. குரல் அளவைக் காட்டும் இலவசச் செயலிகள் தொலைபேசியில் உண்டு. அவை தரும் எண் துல்லியமானதல்ல; ஒரே தொலைபேசியை வாயிலிருந்து ஒரே தூரத்தில் வைத்தால் நேற்றையும் இன்றையும் ஒப்பிடலாம். அந்த ஊசி ஏறுவதைத் தன் கண்ணால் கண்டபின்தான் பலர் தம் குரல் குறைந்திருந்ததை ஒப்புக்கொள்வார்கள்.

பேச்சு ஓடுபவருக்கு ஒரு சிறு பலகையில் ஆறு கட்டங்கள் வரைந்து, சொல்லுக்கு ஒரு கட்டமாக விரலால் தொட்டுக்கொண்டு பேசப் பழக்குவார்கள். குழறல் கூடியவருக்கு எழுத்துப் பலகை உதவும். 247 எழுத்தும் தேவையில்லை, 12 உயிரும் 18 மெய்யும் போதும். சொல்லின் முதலெழுத்தைத் தொட்டுக்கொண்டு சொன்னால் வேகமும் குறையும், கேட்பவருக்கும் பிடிபடும். பாடசாலை ஆசிரியர்கள் கழுத்தில் மாட்டும் சிறிய ஒலிவாங்கியும் இடுப்பு ஒலிபெருக்கியும் குரல் மிகத் தணிந்தவர்களுக்கு நல்லவை. வாங்குமுன் ஒருவரிடம் இரவல் வாங்கிப் பாருங்கள்.

9. சொல்லுக்கும் வாக்கியத்துக்குமான பயிற்சி

குரல் எழும்பினால் எல்லாம் சரி என்று விட்டுவிடும் இடம் இதுதான். வினைச்சொல் தடுமாறுபவருக்குப் படக்கொப்பியில் உள்ள "ஓடுகிறான், குதிக்கிறான்" என்பவற்றைவிட அவர் கை அறிந்த வேலைகளே நல்ல பாடம். வயல் செய்தவரிடம் ஒரு போகத்தை ஒழுங்காகச் சொல்லச் சொல்லுங்கள்: உழுதல், வரம்பு கட்டுதல், விதைத்தல், களை பிடுங்குதல், அரிவி வெட்டுதல், சூடடித்தல், தூற்றுதல். கடற்கரைக்காரருக்கு வலை வளைத்தல், இழுத்தல், மீன் பிரித்தல். சமையல் செய்தவருக்கு மா வறுத்தல், அரித்தல், குழைத்தல், பிழிதல், அவித்தல். ஒவ்வொரு வினைக்கும் ஆர், எதை, எதனால், எங்கே என்று கேட்டு வாக்கியத்தை வளர்க்கச் செய்யலாம். சொல் வராதபோது உடனே சொல்லிக் கொடுக்காமல், முதலெழுத்தையோ அந்த வேலையின் கைச் சைகையையோ காட்டுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் கிழமை அழைப்பையும் பயிற்சியாக்கலாம். அவர்கள் "சுகமோ, சாப்பிட்டீங்களோ" என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொல்வதை விட்டு, ஒரு விடயத்தைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். எதைக் கேட்கப்போகிறார்கள் என்பதை முதல்நாளே அறிவித்தால் அவர் ஆயத்தமாக இருப்பார்.

10. வீட்டார் பேசும் விதம்

வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, முகத்துக்கு முன் வந்து, ஒரு நேரத்தில் ஒரு விடயத்தைச் சிறு வாக்கியமாகச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும் வரை பொறுங்கள். நடக்கும்போது கதை கேட்க வேண்டாம். இரண்டில் ஒன்று தடுமாறும், விழுந்தால் பேச்சைவிடப் பெரிய கதை. முகம் இறுகியிருப்பதைக் கண்டு கோபமென்றோ கவனமின்மையென்றோ பேரப்பிள்ளைகள் ஒதுங்குவார்கள். அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்வது பெரியவர்களின் பொறுப்பு.

11. விழுங்குவதையும் சொல்லுங்கள்

பேச்சு மொழிச் சிகிச்சையாளர்தான் விழுங்கும் சிக்கலையும் பார்ப்பவர் என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தல், எடை குறைதல், அடிக்கடி நெஞ்சுச் சளிக் காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். இருமலே இல்லாமலும் உணவு நுரையீரலுக்குள் போகலாம். அதனால் வரும் நிமோனியா இந்நோயில் உயிரைப் பறிக்கும் முக்கிய காரணங்களில் ஒன்று. இந்த அறிகுறி இருந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம்.

12. கொடுப்பனவும் மீள்பரிசோதனையும்

அரசின் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டமான அஸ்வெசுமவில் அங்கவீனமுற்றோருக்கான கொடுப்பனவு உண்டு. கிராம அலுவலரிடம் தொடங்கி, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். தொகையும் நிபந்தனைகளும் மாறுவதால் பழைய சுற்றறிக்கையை நம்ப வேண்டாம். வைத்தியச் சான்றிதழில் நடமாட்டக் குறையோடு பேச்சுக் குறையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். பிறகு திருத்த இன்னொரு நாள் கூலி போகும். நோயாளரால் கையொப்பம் முன்போல் வைக்க முடியாமல் எழுத்துச் சிறுத்துப் போயிருந்தால், வங்கியிலும் பிரதேச செயலகத்திலும் அதை முன்கூட்டியே தெரிவித்துப் புதிய மாதிரிக் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ பதிவு செய்யலாமா என்று கேளுங்கள்.

நோய் மாறிக்கொண்டே போவதால் சிகிச்சை முடிந்தபின்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறையளவில் மீண்டும் காட்டுவது நல்லது. சிகிச்சையாளர் இடமாற்றம் பெற்றுப் போகுமுன் அவரின் அறிக்கையில் ஒரு பிரதி வாங்கிக் கிளினிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள். புதிதாக வருபவர் எல்லாவற்றையும் அடியிலிருந்து தொடங்க வேண்டி வராது.